ஸ்டோர்னா கடை இல்ல: அப்பாவுக்கு வேலை தேடினப்போ படிச்ச பாடம்

எங்க ஊர் சிலமலை. போடியில இருந்து தேவாரம் போற ரோட்டுல இருக்கு. விடியக்காலையில ரோட்டோரம் நின்னா, ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலைக்குப் போற ஜீப்புகளைப் பார்க்கலாம். அப்படி ஒரு ஜீப்புல 27 வருஷம் போய் வந்தவர் எங்க அப்பா. போன வருஷம் அவர் வேலை பார்த்த ஏலக்காய் ஸ்டோரை முதலாளி வித்துட்டார். வாங்கினவர் அவரோட ஆட்களையே வச்சுக்கிட்டார். அப்பாவுக்கு அப்போ வயசு 53.

முதல் ரெண்டு மாசம் அப்பா அதிகம் பேசலையாம். எப்பவும் போல நாலரைக்கு எழுந்து, குளிச்சு, சட்டை மாட்டிக்கிட்டு திண்ணையில உக்காந்துடுவாராம். ஜீப் போறதைப் பார்த்துக்கிட்டே இருப்பாராம். அம்மா போன்ல சொல்லித்தான் எனக்கே தெரியும்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனதும், "அப்பா, ஏஐ இருக்கு. பத்து நிமிஷத்துல உங்களுக்கு ஒரு ரெஸ்யூமே போட்டுடலாம்"னு பெருமையா சொன்னேன். பத்து நிமிஷத்துல ரெஸ்யூமே வந்தது உண்மை. அதுல இருந்த தப்புகளைச் சரி பண்ண மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல நான் படிச்சதைத்தான் இங்க எழுதியிருக்கேன். நம்மள்ல நிறைய பேர் வீட்டுல அப்பாவோ, அம்மாவோ, பெரியப்பாவோ, மாமாவோ ஐம்பது வயசுக்கு மேல வேலை தேடுற நிலைமையில இருக்கலாம். அவங்க உதவிக்குக் கூப்பிடறது நம்மளைத்தான்.

முதல் தப்பு என்னோடது

நான் டைப் பண்ணினது ஒரே வரி: "எங்க அப்பா 27 வருஷம் ஸ்டோர்ல சூப்பர்வைசரா இருந்தார். ஆங்கிலத்துல ரெஸ்யூமே எழுது."

அழகான ஆங்கிலத்துல ஒரு பக்கம் வந்தது. வாடிக்கையாளர்களை அன்போட கவனிச்சவர், பில்லிங்ல கெட்டிக்காரர், 50 ஊழியர்களை நிர்வகிச்சவர், விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினவர். ஒவ்வொண்ணா தமிழ்ல அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, யாருப்பா இந்த ஆளு?"னு கேட்டார்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்க பக்கம் ஏலக்காய் ஸ்டோர்னா கடை இல்ல. தோட்டத்துல பறிச்ச பச்சைக்காயைக் கழுவி, சூடு குடுத்து உலர்த்தி, சலிச்சுத் தரம் பிரிக்கிற இடம். அங்கிருந்துதான் காய் போடிக்கோ, கேரளாவுல இருக்கிற புத்தடிக்கோ மின்னணு ஏலத்துக்குப் போகும். எங்க ஊர்ல ஒரு சின்னப் பையன்கிட்ட கேட்டாக்கூட இது தெரியும். ஏஐக்குத் தெரியலையா? தெரியாமலும் இருக்கலாம், தெரிஞ்சும் தப்பா எடுத்திருக்கலாம். ஏன்னு பார்ப்போம்.

இந்த மொழி மாடல்கள் கோடிக்கணக்கான பக்க எழுத்தைப் படிச்சுப் பழகினவை. ஒரு சொல்லுக்கு அப்புறம் எந்தச் சொல் வர அதிக வாய்ப்பு இருக்குன்னு கணக்குப் போட்டு எழுதிக்கிட்டே போகும். இணையத்துல "ஸ்டோர் சூப்பர்வைசர்"னு வர்ற பக்கங்கள்ல பெரும்பாலானவை கடையைப் பத்தினது. அதனால அதுவும் கடைக்குப் போயிடுச்சு. நான் எத்தனை ஆள்னு சொல்லல, ரெஸ்யூமேன்னா எண் இருக்கணும்ங்கிறது அதுக்குப் பழக்கம், அதனால 50ன்னு ஒண்ணு போட்டுக்கிச்சு. அதுக்குப் பொய் சொல்ற எண்ணம் கிடையாது. காலியா விட்ட இடத்தை, வழக்கமா அங்க என்ன வருமோ அதை வச்சு நிரப்பிடும்.

நம்ம ரெஸ்யூமேயில இது பெருசாத் தெரியாது. ரெண்டு புராஜெக்ட், ஒரு இன்டர்ன்ஷிப், அவ்வளவுதான். இணையத்துல நம்மள மாதிரி லட்சம் பேரோட ரெஸ்யூமே கிடக்கு. அப்பா பார்த்த வேலையைப் பத்தி யாரும் எங்கயும் அதிகமா எழுதி வைக்கல. அது அவர் கையிலயும் மூக்குலயும்தான் இருக்கு. அதை வெளியில எடுக்காம எந்தக் கருவியாலயும் எழுத முடியாது.

படி 1: எழுதச் சொல்லாதீங்க, கேட்கச் சொல்லுங்க

ரெண்டாவது நாள் வேற மாதிரி ஆரம்பிச்சேன். நான் கொடுத்த கட்டளை இது. நீங்களும் அப்படியே எடுத்துக்கலாம்:

"எங்க அப்பா ஏலக்காய் உலர்த்தித் தரம் பிரிக்கிற கூடத்துல 27 வருஷம் மேற்பார்வை பார்த்தவர். அந்தக் கூடத்தை இங்க ஸ்டோர்னு சொல்வோம், அது கடை இல்ல. இப்போ ரெஸ்யூமே எழுதாதே. அவர் வேலையைப் புரிஞ்சுக்க 15 கேள்வி கேளு. ஒரு நேரத்துல ஒரு கேள்வி மட்டும். எளிய தமிழ்ல கேளு. பதில் தெளிவா இல்லைன்னா திரும்பக் கேளு."

கேள்விகள் நல்லாவே இருந்தன. ஒரு நாள் வேலை எப்படி ஆரம்பிக்கும்? எந்த இடத்துல தப்பு நடந்தா பெரிய நஷ்டம்? அதை எப்படித் தடுப்பீங்க? புதுசா வந்த ஆளுக்கு முதல்ல என்ன சொல்லிக்குடுப்பீங்க? நான் கேட்டிருந்தா இவ்வளவு கேட்டிருக்க மாட்டேன்.

அப்பா பேசப் பேச போன்ல ரெக்கார்ட் பண்ணினேன். பிறகு குரல் தட்டச்சுல எழுத்தாக்கினேன். இதுல ஒரு எச்சரிக்கை: நம்ம வட்டாரப் பேச்சை அது பல இடத்துல தப்பா எழுதும். காய் கையாகும், சல்லடை சண்டையாகும். ஒரு தடவை உக்காந்து திருத்திடுங்க.

அப்பா சொன்னதுல சில:

பச்சைக்காயில கிட்டத்தட்ட 80 சதவீதம் ஈரம் இருக்கும். அதை 10, 12 சதவீதத்துக்குக் கொண்டு வரணும். டிரையர் சூடு 45ல இருந்து 55 டிகிரிக்குள்ள நிக்கணும். அவசரப்பட்டுச் சூட்டை ஏத்தினா காய் வெடிச்சுடும், பச்சை நிறமும் போயிடும். நிறம் போனா விலை போச்சு. ஒரு தடவைக்கு 500 கிலோ பச்சைக்காய் போட்டா, 100 கிலோ பக்கம் உலர்ந்த காய் வரும். பிறகு சல்லடை. 7 மில்லிமீட்டருக்கு மேல நிக்கிறது ஒரு தரம், அதுக்குக் கீழே ஒவ்வொரு அளவும் ஒரு தரம். ஒரு லிட்டர் பாத்திரத்துல காயை நிரப்பி எத்தனை கிராம்னு பார்ப்பாங்க. அதுதான் லிட்டர் எடை. எடை குறைஞ்சா உள்ளே விதை சரியில்லைன்னு அர்த்தம்.

"எதுல பெரிய நஷ்டம் வரும்?"ங்கிற கேள்விக்கு 2018 ஆகஸ்ட் மழையைச் சொன்னார். கேரளா முழுக்க வெள்ளம், இடுக்கியில மண்சரிவு, மலையில கரண்ட் இல்ல. டிரையர் பிளோயர் நின்னு போச்சு. உள்ளே ஈரக்காய். குவிச்சு வச்சா புழுங்கி வீணாயிடும். அப்பா பழைய புகைக்குழாய் அறையைத் திறந்து, விறகு மூட்டி, தட்டுல மெல்லிசா பரப்பி, நாலு பேரோட ரெண்டு ராத்திரி கிளறிவிட்டிருக்கார். நிறம் கொஞ்சம் மங்கினாலும் காயைக் காப்பாத்திட்டாங்க.

அப்போ நான் ஸ்கூல்ல படிச்சேன். அந்த வாரம் அப்பா வீட்டுக்கு வரலைன்னு மட்டும் ஞாபகம் இருக்கு. ஏன் வரலைன்னு ஏழு வருஷம் கழிச்சு, ஒரு மெஷின் கேட்ட கேள்வியாலதான் எனக்குத் தெரிஞ்சது.

படி 2: சொன்னதை மட்டும் எழுதச் சொல்லுங்க

அடுத்த கட்டளை:

"கீழே இருக்கிற பதில்களை மட்டும் வச்சு ஒரு பக்க ரெஸ்யூமே எழுது. இதுல இல்லாத எண், பட்டம், சான்றிதழ், பொறுப்பு எதையும் சேர்க்காதே. தகவல் குறைஞ்ச இடத்துல 'கேட்கவும்'னு எழுது. அலங்காரச் சொல் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பதில்ல இருந்து எடுத்தேன்னு பக்கத்துல குறிப்பிடு."

கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க. அது இருந்தா எந்த வரி சொந்தச் சரக்குன்னு உடனே பிடிச்சுடலாம். இவ்வளவு சொல்லியும் ஒரு இடத்துல "தரச் சான்றிதழ் பெற்றவர்"னு நுழைச்சிருந்தது. அடிச்சுவிட்டேன்.

எங்க வீட்டுல ஒரு விதி வச்சுக்கிட்டோம்: அப்பா தன் வாயால எதிர்ல இருக்கிறவர்கிட்ட சொல்ல முடியாத வரி காகிதத்துல இருக்கக் கூடாது. வயசானவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நாம இன்டர்வியூல சறுக்கினா அடுத்த கம்பெனி. 27 வருஷம் நேர்மையா வேலை பார்த்த மனுஷன், மகன் போட்ட பொய்யால ஒருத்தர் முன்னாடி தலை குனியக் கூடாது.

படி 3: இந்த அனுபவத்துக்கு வேற என்ன பேர்?

ஏஐ நிஜமாவே கை கொடுத்த இடம் இது. "இந்தத் திறமை வேற எந்தத் தொழில்ல தேவைப்படும்?"னு கேட்டேன். அப்பா "ஏலக்கா ஸ்டோர்"னு ஒரே சொல்லுல முடிச்சதை அது விரிச்சுக் காட்டினது: உணவுப் பதப்படுத்தல், தரப் பரிசோதனை, மசாலா பேக்கிங், கிடங்குப் பராமரிப்பு, உலர் பழம், தேயிலை, காபி. தேடுற சொல் மாறினதும் கண்ணுல படற விளம்பரமும் மாறிடுச்சு.

இன்னொரு விஷயமும் அதுலதான் தெரிஞ்சது. எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்துற ஃபாஸ்டாக்னு ஒரு பயிற்சி இருக்கு. உரிமம் வாங்கின உணவு நிறுவனங்கள்ல 25 பணியாளருக்கு ஒருத்தராவது பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இருக்கணும்ங்கிறது அதோட நோக்கம். அனுபவம் இருந்தும் காகிதம் இல்லாத எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு இது ஒரு வழி. ஆனா கட்டணம், நாள் எல்லாம் ஏஐ சொன்னதை நம்பாம, அரசுத் தளத்துல பார்த்துத்தான் முடிவு பண்ணினோம்.

ஏன் நம்பலைன்னா, "மதுரை வரைக்கும் வேலை தேடலாமா?"னு கேட்டதுக்கு, போடிக்கு ரயில் பாதை வேலை நடக்குது, ரயில் இல்லைன்னு பதில் வந்தது. மீட்டர் கேஜை மாத்த 2010 கடைசியில நிறுத்தின ரயில் 2023 ஜூன்லயே போடிக்குத் திரும்பிடுச்சு. அது படிச்சது பழைய செய்தியா இருந்திருக்கும். தேதி, கட்டணம், விலாசம், கடைசி நாள் – இந்த நாலையும் எப்பவும் நேரடியா பாருங்க.

வயசுங்கிற வடிகட்டி

ஒரு விளம்பரத்துல "வயது 25 முதல் 40 வரை"ன்னு இருந்தது. அப்பா போனைத் திருப்பி வச்சுட்டார்.

இதுல கம்ப்யூட்டரோட பங்கு என்னன்னு நம்ம துறை ஆளுங்க தெரிஞ்சுக்கணும். இணையவழி ஆங்கிலப் பாடம் நடத்துற ஐட்யூட்டர்குரூப் மேல அமெரிக்காவுல 2022ல வழக்கு வந்தது. 55 வயசைத் தாண்டின பெண்கள், 60 வயசைத் தாண்டின ஆண்கள் விண்ணப்பத்தை அவங்க மென்பொருள் தானாவே தள்ளிவிட்டதுங்கிறது புகார். 200 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. ஒருத்தர் அதே விவரத்தோட பிறந்த தேதியை மட்டும் இளமையா மாத்தி மறுபடி விண்ணப்பிச்சதும் இன்டர்வியூக்கு அழைப்பு வந்துடுச்சு. அதுலதான் குட்டு உடைஞ்சது. 2023ல 3,65,000 டாலர் குடுத்து சமரசம் ஆனாங்க.

யோசிச்சுப் பாருங்க, அதுக்குப் பெரிய ஏஐ எல்லாம் தேவையே இல்ல. முதல் செமஸ்டர்ல நாம எழுதின ஒரு இஃப் வாக்கியம் போதும். நிஜமாவே கத்துக்கிற மாடல்னா பாரபட்சம் இன்னும் ஆழத்துல ஒளிஞ்சிருக்கும். அமேசான் உருவாக்கிப் பார்த்த ஆள்தேர்வு மாடல் பத்து வருஷ ரெஸ்யூமேக்களைப் படிச்சது. அதுல பெரும்பாலானவை ஆண்களோடது. அதனால பெண்களைக் குறிக்கிற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைச்சதுன்னு 2018ல செய்தி வந்தது. அந்தக் கருவியைக் கைவிட்டுட்டாங்க. நாளைக்கு இந்த மாதிரி மென்பொருளை எழுதப் போறது நம்மள்ல ஒருத்தரா இருக்கலாம். அந்த வரியை டைப் பண்ணும்போது திண்ணையில உக்காந்திருக்கிற ஒரு ஆளை நினைச்சுக்கோங்க.

அமெரிக்காவுல 40 வயசுக்கு மேல இருக்கிறவங்களைக் காக்க 1967லயே சட்டம் வந்தாச்சு. நம்ம அரசியலமைப்போட 15, 16ஆம் பிரிவுகள் சொல்ற பாகுபாட்டுப் பட்டியல்ல வயசு கிடையாது. அதனால தடுப்பை நாமதான் கவனமா தாண்டணும்.

நாங்க செஞ்சது இதுதான். ரெஸ்யூமேல பிறந்த தேதி போடல, கேட்டிருந்தாத்தான் எழுதணும். கடைசி 15 வருஷத்தை விரிவாவும் மத்ததைச் சுருக்கமாவும் எழுதினோம். பெரிய கம்பெனிகளோட மென்பொருள் சரியா படிக்கணும்னு கட்டம், படம், ரெண்டு பத்தி எதுவும் இல்லாம நேரா வச்சோம். நேர்ல வயசு கேட்டா உள்ளதைச் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணினோம்.

எங்கெல்லாம் தேடலாம்

தமிழ்நாடு அரசோட தனியார் துறை வேலை இணையதளம், மத்திய அரசோட தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் ரெண்டுலயும் இலவசமா பதிவு பண்ணலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் அவ்வப்போது தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்தும். 60 வயசு தாண்டினவங்களுக்குன்னே மத்திய சமூகநீதி அமைச்சகம் 2021 அக்டோபர் 1ல சேக்ரெட்னு ஒரு தளம் தொடங்கினது. முதியோர் உதவிக்கு 14567ங்கிற எண் இருக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. அப்பா விண்ணப்பிச்ச ஒன்பது இடத்துல ஒண்ணு, "பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் அனுப்புங்க, நாளைக்கே வேலை"ன்னு வாட்ஸ்அப்ல வந்தது. வேலை குடுக்கிறவன் காசு கேட்டா அது வேலை இல்ல. ஏமாந்துட்டா உடனே 1930க்குக் கூப்பிடணும். இதேபோல ஆதார், பான், வங்கிக் கணக்கு எண்ணை ஏஐ கிட்ட ஒட்டாதீங்க. ரெஸ்யூமே எழுத அதுக்கு அது தேவையே இல்ல. பேர், போன் நம்பரைக்கூட கடைசியில நாமளே சேர்த்துக்கலாம்.

படி 4: ஒத்திகை

கடைசி வாரம் ஏஐயை முதலாளியா உக்கார வச்சோம். "நீ ஒரு மசாலா நிறுவனத்தோட மேலாளர். இவர்கிட்ட தமிழ்ல இன்டர்வியூ எடு. வயசைப் பத்தியும் கம்ப்யூட்டர் தெரியுமாங்கிறதைப் பத்தியும் கஷ்டமான கேள்வி கேளு."

"இந்த வயசுல உங்களை ஏன் எடுக்கணும்?"னு அது கேட்டதும் அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "காயைக் கையில எடுத்து அசைச்சா ஈரம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் சார். மெஷின்ல பார்த்துக்கோங்க, ஒண்ணு ரெண்டுதான் வித்தியாசம் வரும்"னார். ஏஐ இதை மெருகேத்தித் தந்தது: "நான் விரிவான துறைசார் நிபுணத்துவம் கொண்டவன்." அப்பா சிரிச்சுட்டார். மெருகைத் தூக்கிப் போட்டோம்.

என்ன ஆச்சு?

ஒன்பது இடத்துல அஞ்சு பேர்கிட்ட இருந்து பதிலே இல்ல. ஒண்ணு அந்த மோசடி. ஒருத்தர் போன்லயே வயசைக் கேட்டு வச்சுட்டார். ரெண்டு இடத்துல கூப்பிட்டாங்க. தேனி பக்கம் ஒரு மசாலா பேக்கிங் கூடத்துல ரெஸ்யூமேயைப் பார்த்துட்டு, ஒரு கைப்பிடி ஏலக்காயை மேசையில போட்டு, "சொல்லுங்கய்யா"ன்னாங்களாம். அப்பா சொல்லியிருக்கார். மெஷின் வச்சும் பார்த்திருக்காங்க.

இப்போ அங்க சரக்கு வாங்கும்போது தரம் பார்க்கிற வேலை. சம்பளம் பழசைவிடக் கொஞ்சம் கம்மி. ராத்திரி வீட்டுக்கு வந்துடறார். ஏஐதான் வேலை வாங்கிக் குடுத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மேசை வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போச்சு, அதுவும் அப்பா சொன்னதை அப்படியே எழுதினதால.

லீவு முடிஞ்சு கிளம்புற அன்னிக்கு அம்மா என் பேக்ல முறுக்கு டப்பாவை வச்சுக்கிட்டே, "அவரைக் கேட்டீக, சரி. நானும் போடி குடோன்ல 15 வருஷமா காய் பொறுக்கறேன். என்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலையே"ன்னாங்க.

பேக்கைக் கீழே வச்சேன். அடுத்த பஸ்ல போய்க்கலாம்னு உக்காந்து, ரெக்கார்டரை ஆன் பண்ணினேன்.